நெறைஞ்சிருக்குங்க

எங்கள் வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லக் கூடாது. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை என்றும் சொல்லக் கூடாது. பானையைக் கவிழ்த்துத் தட்டி ஒரு மணி கூட விழாவிட்டாலும் ‘அரிசி நெறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். இது பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்த வீடுகளில் எப்போதாவது சொல்ல நேர்வதை எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது. அதனால் நிறைவது என்றால் தீர்ந்து போவது என்றுதான் எனக்கு முதலில் தெரியும். இன்னொரு அர்த்தம் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்.

சிறு வயதில் ஒரு நாள், அம்மா களையெடுக்கப் போகும் காட்டுக்காரர் வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, “அம்மா, அரிசி இல்ல” என்று உள்ளேயிருந்து கத்திவிட்டேன். அம்மா அவரைச் சிரித்துப் பேசி அனுப்பிவைத்தாள். பிறகு உள்ளே வந்து நடு மண்டையில் ஒரு குட்டு வைத்தாள்.

“வாயில நல்ல வார்த்தயே வராதா ஒனக்கு? நெறைஞ்சிருக்குன்னு சொல்லு.”

“சொன்னா வந்துடுமா?”

“சொல்லலனா வர்றதும் வராது.”

அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைத் தப்பாகச் சொன்னதில்லை.

தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா கரும்பு வெட்டுவார். வெட்டு இல்லாத காலத்தில் மக்காச்சோளம் மூட்டை ஏற்றுவார். அம்மாவுக்குக் களை, நடவு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, கடைசி வகுப்புவரை உட்கார்ந்து, அதற்கு மேலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். அதற்காக நான் வெட்கப்படுவதில்லை. கம்ப்யூட்டர் படித்து முடித்த வருடமே கள்ளக்குறிச்சியில் வேலை கிடைத்தது.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு மோட்டார் பம்பு கடை. அதற்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு மேலாளர், நாங்கள் சில பெண்கள், வரிசையாகத் திரைகள். பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பெரிய துணிக்கடையின் பில்லெல்லாம் சென்னையில் ஒரே இடத்தில் இருக்கும் சர்வர்களில் போய் ஏறும். அந்த சர்வர்கள் திணறாமல் ஓடுகின்றனவா, இன்னும் எவ்வளவு கூட்டம் தாங்கும், எப்போது புது டிஸ்க் வாங்கிப் போட வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. கடைக்காரர்கள் அந்த வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்தது. சென்னையில் ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு வரிசையே உட்காரும் என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

சேர்ந்த புதிதில் ஒரு மாலை அப்பா கேட்டார்.

“அந்த மிசினு எங்க இருக்குது?”

“சென்னையில.”

“நீ கள்ளக்குறிச்சில இருந்துக்கினு எப்டி பாக்கற?”

“லைன் வழியா தெரியும்பா.”

“பாத்துட்டு இன்னா பண்ணுவ?”

“தாங்குமா தாங்காதான்னு சொல்லுவேன்.”

“மிசினு வெச்சிருக்கறவனுக்கு அது தெரியாதா?”

“அவங்க பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் எங்கள வெச்சிருக்காங்க.”

அப்பா சிரித்துவிட்டார். “சரிதான். காட்டுக்காரரு வரப்புல நின்னுக்கினு, இன்னும் எவ்ளோ வெட்டு பாக்கிடான்னு என்னக் கேப்பாரு. எறங்கிப் பாக்க மாட்டாரு. வேல அதே வேலதான், நீ மட்டும் ஃபேனுக்குக் கீழ ஒக்காந்திருக்கற.”

எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் டீக்கடையில் அவரே, “எம்பொண்ணு மெட்ராசு கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது அந்தக் கோபம் போய்விட்டது.

பஸ்ஸில் ஏறியதும் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். அலுவலகத்துக்குள் போட்டால் போதும். ஆனால் எங்கள் ஊர் நிறுத்தத்திலிருந்தே அது என் கழுத்தில் தொங்க வேண்டும். ஒரு நடத்துநர், “இன்னாம்மா, தாலி மாறி அதயே போட்டுக்கினு வர” என்று கேட்டார். “அத விட இது கெட்டிங்க” என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அப்படியெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து நாற்காலிக்காரி கல்வராயன் மலையிலிருந்து வந்தவள். வெள்ளிமலையையும் தாண்டி அவள் ஊர். கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால், மழை பெய்து விட்ட நாளில், மலை நீலமாகத் தெரியும். “பாரு, எங்க வூடு தெரியுது” என்பாள். தெரியாது. ஆனாலும் தினம் சொல்வாள். நான் போனில் இங்கிலீஷில் பேசுவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

“வூட்லயும் இப்டித்தான் பேசுவியாடி? ‘மதர், கஞ்சி பிளீஸ்’ன்னு?”

நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கிலீஷைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். என் அறிக்கைகளில் மேலாளர் ஒரு சொல்லைக் கூட மாற்றியதில்லை. சென்னையிலிருந்து யார் கூப்பிட்டாலும் இங்கிலீஷில்தான் பேசுவேன். தமிழில் பேசினால் ‘இன்னா’வும் ‘வூடு’ம் வந்து விழுந்துவிடும் என்று பயம்.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மேலாளர் பண்ருட்டிக்காரர். நல்ல மனிதர், எப்போதும் பயந்துகொண்டே இருப்பவர். எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “நமக்கு இருக்கறது இந்த ஒரே கஸ்டமரு. தீபாவளி கூட்டத்துல பில்லு நிக்காம போயிட்டா இன்னும் சில வருஷம் ஓட்டிடலாம். நின்னுச்சினா ஷட்டர எறக்கிட்டு அவங்கவங்க ஊருக்குப் போவ வேண்டியதுதான்.”

ஊருக்குப் போவது என்றால் எனக்கு என்னவென்று தெரியும். அம்மாவோடு களைக்குப் போவது. இல்லையென்றால் திருப்பூர்.

தீபாவளிக்கு வரும் கூட்டத்துக்கென்றே டிஸ்க்கில் ஒரு பகுதியைக் காலியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற நாளில் அதைத் தொடக் கூடாது. ஆனால் ஆடித் தள்ளுபடியில் எதிர்பாராத கூட்டம் வந்து, அந்த ஒதுக்கீட்டையும் தின்றுவிட்டிருந்தது. திரையில் அதை முதலில் பார்த்தது நான்தான். புது டிஸ்க் போடாவிட்டால் தீபாவளி தாங்காது என்று அறிக்கையில் எழுதி, மேலாளரிடமும் சொன்னேன். அறிக்கை சென்னைக் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு, அதன் பிறகு கடைக்காரர்களுக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் இன்னொரு முடிவை எடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. பண்டிகைக்கு முன்னால் ஒரு நாள் குறித்து, அதற்குப் பிறகு யாரும் எந்த சர்வரிலும் கை வைக்கக் கூடாது என்று பூட்டிவிடுவார்கள். ஃப்ரீஸ் என்பார்கள். பூட்டலாமா, அதற்குள் ஏதாவது வாங்கிப் போட வேண்டுமா என்று கேட்கத்தான் கடையின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் நேராக எங்களைக் கூப்பிட்டார். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

வழக்கம்போல இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு.

“எந்த ஊரும்மா நீ?”

“கள்ளக்குறிச்சி பக்கம்ங்க சார்.”

“அப்ப தமிழ்லயே சொல்லு. காலைலேருந்து இங்கிலீஷ் கேட்டுக் கேட்டு காது வலிக்குது. தீபாவளிக்குன்னு ஒதுக்கி வெச்ச ஃப்ரீ ஸ்பேஸ் இருக்கில்ல, அது எப்படி இருக்கு?”

இங்கிலீஷில் அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இங்கிலீஷில் ‘இல்லை’ என்பது எனக்கு வெறும் ஒரு சொல். தமிழில் அப்படி இல்லை. ஒதுக்கி வைத்தது தீர்ந்துவிட்டது என்பதை, நமக்கு மேலே இருக்கும் ஒருவரிடம், அவர் அன்பாகக் கேட்கும்போது எப்படிச் சொல்வது? அதற்கு என் தமிழில் ஒரே ஒரு வழிதான் உண்டு. யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

“அது நெறைஞ்சிருக்குங்க சார்.”

“நல்லா பாத்தியா?”

“நல்லா பாத்தேங்க சார். ஆடியிலயே நெறைஞ்சிடுச்சிங்க.”

“வெரி குட். அப்ப மத்தத நான் பாத்துக்கறேன்மா.”

அந்த ‘வெரி குட்’ எனக்குத்தான் என்று நினைத்தேன். சரியாகக் கவனித்துச் சொன்னதற்காக. மத்ததைப் பார்த்துக்கொள்வது என்றால் டிஸ்க் வாங்கிப் போடுவது. வேறென்ன இருக்க முடியும்? சாப்பிட்டுவிட்டு வந்த மேலாளரிடம், “சார் கூப்ட்டாருங்க. ஒதுக்கி வெச்சது நெறைஞ்சிடுச்சின்னு சொல்லிட்டேன். அவரே பாத்துக்கறேன்னாரு” என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அப்பாடா” என்றார். பண்ருட்டிக்காரருக்கும் அந்தச் சொல் சரியாகத்தான் கேட்டது.

மலைக்காரி மட்டும், “இன்னாடி, மெட்ராசுக்காரரு ரொம்பக் கொஞ்சினாரு போல, மொகமெல்லாம் பல்லா இருக்குது” என்றாள்.

குறித்த நாளில் சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். திரையில் புது டிஸ்க் வந்து சேரவில்லை. நான் கேட்டேன். மேலாளர் சென்னைக் கம்பெனியைக் கேட்டார். கடைக்காரர்களே முடிவு செய்து பூட்டியிருக்கிறார்கள், எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள், இனி உங்கள் அறிக்கைக்கும் தேவையில்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். “போட்டிருப்பாங்கம்மா, நம்ம ஸ்கிரீனுக்கு வர லேட்டாவும்” என்று மேலாளர் என்னையும் தன்னையும் சமாதானப்படுத்தினார். மறுபடி கேட்டால் மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். நாங்கள் எல்லோருமே மறுபடி கேட்டுப் பழகாத வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விடுமுறை இல்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பில் ஏறுவதற்கு ஆகும் நேரத்தைக் காட்டும் கோடு மெல்ல மேலே போக ஆரம்பித்தது. பிறகு செங்குத்தாக ஏறியது. பிறகு கோடே இல்லை. மேலாளர் சென்னைக்குப் போன் போட்டார். எல்லா எண்ணும் பிஸியாக இருந்தது. மலைக்காரி தன் போனில் யாரோ அனுப்பிய படத்தைக் காட்டினாள். ஏதோ ஒரு ஊரில் பில் போடும் இடத்தில் புடவைகள் குவிந்து கிடந்தன. எடுத்தவர்கள் காத்திருந்து அலுத்து, போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தைகளின் சட்டைகளும் அதில் கிடந்தன. கீழே பம்பு கடையில் யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் சென்னையில் சர்வரைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அந்த ஞாயிறு போனது போனதுதான்.

பண்டிகை முடிந்ததும் ஒரு கூட்டம் வைத்தார்கள். சென்னையில் கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும், இங்கே நாங்கள், நடுவில் ஒரு ஸ்பீக்கர். அழைப்புகளெல்லாம் பதிவாகும் என்று எங்களுக்குத் தெரியும். என் குரலைப் போட்டார்கள்.

அது நெறைஞ்சிருக்குங்க சார்.

நல்லா பாத்தேங்க சார்.

என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அதில் அவ்வளவு பணிவு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பிரிவுத் தலைவர் கத்தவில்லை. களைத்துப் போயிருந்தார். “ஃப்ரீ ஸ்பேஸ் நிறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. நல்லா பாத்தியான்னு திருப்பிக் கேட்டேன். இதுக்கு மேல நான் என்ன கேக்கணும்?”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னேன்.

“சார், எங்க ஊர்ல அப்படித்தாங்க சொல்லுவோம். ஒண்ணு தீந்துட்டா, இல்லன்னு சொல்ல மாட்டோம். நெறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம்.”

அந்தப் பக்கம் யாரோ மெல்லச் சிரித்தார்கள். இன்னொரு குரல், பெண் குரல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டது: “அப்ப நிஜமாவே நிறைய இருந்தா என்ன சொல்லுவீங்க?”

எங்கள் வீட்டில் அதைச் சொல்லும் தேவை வந்ததில்லை.

என் பக்கத்தில் மலைக்காரி முணுமுணுத்தாள். “இதுல இன்னா கொழப்பம்? எங்க மலையில கொழந்தைக்கும் புரியும்.” மேலாளர் அவளைக் கையமர்த்தினார். ஸ்பீக்கரில் அதுவும் கேட்டிருக்கும்.

சில வாரங்களில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று கடிதம் வந்தது. காரணம் என்ற இடத்தில் தகவல் பரிமாற்றக் குறைபாடு என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. வேலை வேறு மாநிலத்தில் ஒரு ஊருக்குப் போனது. அங்கே இதே திரைகளுக்கு முன்னால் வேறு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் என்ன சொல்வார்களோ.

மேலாளர் என்னைத் திட்டவில்லை. கடைசி நாள் சாவியைக் கட்டிடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, படிக்கட்டில் நின்று, “ஒரு ‘இல்ல’ சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்று மட்டும் கேட்டார். அன்று அவரும்தான் ‘அப்பாடா’ என்றார். அதை நான் நினைவுபடுத்தவில்லை.

நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குக் கணக்கு தெரியும். கோடு எங்கே போய் முட்டும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதைச் சரியாக எழுதியும் வைத்தேன். அவர் தமிழில் கேட்டது அன்பால். நான் அப்படிச் சொன்னது மரியாதையால். எங்கே பிடித்து, இதுதான் காரணம் என்று அடிப்பது? கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் உள்ளேயே கிடந்து புளிக்கிறது. படித்து மேலே வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலிப் பானை என் நாக்கிலேயே உட்கார்ந்து என்னோடு மாடி ஏறி வந்திருக்கிறது என்பது தெரியவில்லை.

மலைக்காரி பெட்டியோடு கிளம்பியபோது பஸ் ஏற்றிவிடப் போனேன். நிறுத்தத்தில் நின்றுகொண்டு, “எங்கூட வந்துடுடி” என்றாள். “எங்க ஊர்ல டவரே கெடையாது. நீ இன்னா சொன்னாலும் ரெக்கார்டு பண்ண மாட்டாங்க.”

சிரித்தோம். “அங்க போயி இன்னா பண்ணப் போற?” என்று கேட்டேன்.

“மரவள்ளி புடுங்க ஆளு கெடைக்கலன்னு எங்கப்பா பொலம்பிக்கினு இருக்காரு. டிகிரி படிச்ச ஆளு வருதுன்னு சொல்லியிருக்கேன்.”

பஸ் மலைப்பக்கம் திரும்பும்வரை ஜன்னலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே போனாள். அதன் பிறகு பேசவில்லை. கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருகிறது.

சென்னைக் கம்பெனிகள் சிலவற்றில் நேர்முகம் கொடுத்தேன். எல்லாம் நன்றாகப் போகும். முந்தைய அலுவலகம் ஏன் மூடப்பட்டது என்று கேட்பார்கள். ஒரு முறை நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். இன்னொரு முறை மறைத்துச் சொன்னேன். அப்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறேன். வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது என்று மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்பா டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் அந்த நடத்துநர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

போன வாரம் ஒரு மாலை, அம்மா களையிலிருந்து வந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். “உப்பு ஜாடிய எடு” என்றாள். எடுத்தேன். லேசாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன்.

“இல்ல” என்றேன்.

அம்மா திரும்பினாள். “இன்னா சொன்ன?”

“இல்லம்மா. உப்பு இல்ல.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் குட்டிய அதே முகம். இப்போது குட்ட முடியாது. நான் அவளை விட உயரம்.

“வெளக்கு வெக்கற நேரத்துல இன்னாடி வார்த்த இது? நெறைஞ்சிருக்குன்னு சொல்லு. இவ்ளோ படிச்ச பொண்ணு, இது கூடத் தெரியாதா?”

ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஜாடியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, எனக்குப் பதிலாக அவளே சொன்னாள்.

“நெறைஞ்சிருக்கு.”

மூடியைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.